டாக்டரம்மா தலைமாட்டில் மூன்றாவது குழி

1

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். சபையில் எழுந்து பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டேன்.

நம் பங்குக் கோயில் மலரில், ராயபுரம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் பிரமுகர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதலாம் என்று போட்டிருந்தார்களாம். என் ஓர்ப்படி ஸ்டெல்லா போனில் சொன்னாள். ஓர்ப்படி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. "நீ எய்துக்கா. உனக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்றாள். எனக்கு யாரையும் தெரியாது. அவர்கள் கல்லைத்தான் தெரியும்.

2

நங்கூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேட்டில் நுழைந்து நேராகப் போனால் கப்பல் துரை. கல்லிலேயே நங்கூரமும் சங்கிலியும் செதுக்கியிருக்கும். ஏதோ ஒரு கப்பலுக்குக் கேப்டன். கடலில் சாகவில்லை, கரைக்கு வந்து காய்ச்சலில் செத்தார் என்று என் மாமனார் சொல்வார். கல்லில் இங்கிலீஷில் நிறைய எழுதியிருக்கும். எங்களில் யாரும் படித்ததில்லை. கல்லறைத் திருநாள் அன்று கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்கள் அவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். உறவு இல்லை, பழக்கம்தான்.

அவருக்கு வலது பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் பாக்ஸர். இவர் துரை இல்லை, நம் ஆள். கல்லறை மேல் சிமெண்டில் இரண்டு கையுறை செய்து வைத்திருப்பார்கள். அவரிடம் கற்றுக்கொண்ட பையன்கள் வருஷா வருஷம் வந்து சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு வருஷம் பெயிண்ட் பாதியில் தீர்ந்து, ஒரு கை சிவப்பு, ஒரு கை சிமெண்டு நிறம் என்று கிடந்தது. குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட அந்தக் கையோடு கை குலுக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

பேண்டு வாத்தியாரும் அங்கேதான். அவர் ஊதாத சாவு ராயபுரத்தில் இல்லை. அவர் செத்தபோது பேண்டு செட்டில் இருந்த எல்லாரும் பெட்டியைத் தூக்கப் போய்விட்டார்கள். ஊத ஆள் இல்லை. சத்தமே இல்லாமல் போனது அந்த ஊர்வலம். நான் அப்போது புதுப்பெண், வாசலில் நின்று பார்த்தேன்.

இவர்கள் எல்லாரையும் தாண்டிப் பின்னால், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் டாக்டரம்மா. வெள்ளைச் சலவைக்கல்லில் இறக்கை வைத்த சம்மனசு ஒன்று, ஒரு கை உடைந்து நிற்கும். அந்த அம்மா வெள்ளைக்காரியா, ஆங்கிலோ இந்தியரா என்று எனக்குத் தெரியாது. பிரசவம் பார்க்க ரிக்‌ஷாவில் எங்கள் சந்துக்கே வருவார்களாம். குழந்தை பிறக்கும் நேரத்தில் வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்த ஆண்களைக் குடையாலேயே விரட்டுவார்களாம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவை முதலில் கையில் எடுத்ததும் அவர்கள்தான் என்று மாமியார் சொல்வார்.

இந்தப் பெரியவர்கள் எங்களுக்கு எதற்குப் பயன்பட்டார்கள் என்றால், வழி சொல்லத்தான். எங்கள் குழிகளுக்குக் கல் கிடையாது. சுற்றிச் சிமெண்டுக் கட்டை, தலையில் மரச் சிலுவை, அவ்வளவுதான். சிலுவை இரண்டு மழையில் உளுத்துவிடும். "எங்கப்பா நங்கூரத்துக்கு எதிர்க்க", "எங்க அத்தை பாக்ஸர் கால்மாட்டுல" என்றுதான் சொல்வோம். எங்கள் குடும்பக் குழி, டாக்டரம்மா தலைமாட்டுக்குப் பின்னால் மூன்றாவது. மாமனார் அதில் இருக்கிறார், மாமியார் இருக்கிறார், அப்புறம் சவரிமுத்து. ஒருவர் போய்ப் பல வருஷம் ஆன பிறகு அதே குழியைத் திறப்பார்கள். முன்னால் போனவரின் எலும்பைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அடுத்தவரை இறக்குவார்கள். அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் இதுதான் வழக்கம். இடம் இல்லை, அதனால் வந்த வழக்கம். ஆனால் பழகிவிட்டால் அதுவே ஒரு தெம்பு.

3

நான் இப்போது இருப்பது இங்கிலாந்தில், வடக்கே ஒரு ஊரில். மகன் பெலிக்ஸ் வீட்டில். பேத்தி ஆன்யா கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள வந்தேன். அவள் இப்போது என்னைப் பார்த்துக்கொள்கிறாள். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, வெயிட்" என்கிறாள். தமிழ் புரிகிறது அவளுக்கு, வாயில் வருவதில்லை. எனக்கு இங்கிலீஷ் இரண்டுமே அரைகுறை.

காலையில் எழுந்தால் எந்தக் கலர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று பார்ப்பது முதல் வேலை. அப்புறம் அவளோடு பள்ளிக்கூடம் வரை நடை. வழியில் இந்த ஊர்க் கல்லறைத் தோட்டம். பூங்கா போல இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். யாரும் அழுது நான் பார்த்ததில்லை. வாசலில் ஒரு போர்டு. இங்கே அடக்கமாகியிருக்கும் பிரமுகர்கள் யார் யார், எந்த மூலையில் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறது. ஒரு மேயர், ஒரு பந்து விளையாடுகிறவர், மிட்டாய்க் கம்பெனி வைத்திருந்த ஒருவர்.

அந்த மிட்டாய்க்காரருக்குப் பின்வரிசையில் பெலிக்ஸ் ஒரு இடம் வாங்கியிருக்கிறான். எனக்கு. வாங்கிய பிறகுதான் சொன்னான். "இப்பவே வாங்கலைன்னா அப்புறம் ரொம்ப தூரம் போகணும்மா. நாங்க வந்து பாக்க முடியாது" என்றான். நியாயம்தான். ஆன்யா சந்தோஷப்பட்டாள். "ஆயா, யு வில் பி நியர் எ ஃபேமஸ் பெர்சன்" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். எனக்கு ஆட்டத்தான் தெரியும்.

அந்த இடத்துக்குக் கையெழுத்துப் போட நகர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த பெண் என் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடமே கேட்டாள். நம் ஊரில் சொல்வது போல, "மை ஹஸ்பண்ட் எக்ஸ்பைர்டு" என்றேன். அவள் முகம் மாறி, அவருடைய பாஸ்போர்ட்டா, விசாவா என்று கேட்டாள். பெலிக்ஸ் வீடு திரும்பும் வரைக்கும் சிரித்தான். "அப்பாவ ரின்யூ பண்ணலாமான்னு கேட்டிருக்கணும்மா" என்றான். நானும் சிரித்தேன். கையெழுத்து போட்டுவிட்டேன்.

சவரிமுத்துவோடு என்னை வைக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள், "வா, வா. எனக்கும் எடம் அதுதான். நீ முன்னால போனா உன் மேல நானு. அங்கயும் உன் தலமேலயே ஏறி குந்திகினு இருப்பேன், பார்த்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தாள்.

4

போன வருஷம் மழைக்கு முன்னால் நம் தோட்டத்தைச் சீர்படுத்தினார்களாம். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பழைய கல்லறைகளைப் பார்க்க வருகிறார்கள், பள்ளத்தில் சேற்றில் இறங்க முடியவில்லை, கல்லும் கெடுகிறது. அதனால் பிரமுகர்களின் கல்லை எல்லாம் பெயர்த்து, கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கீழே டைல்ஸ், மேலே விளக்கு. கப்பல் துரை, பேண்டு வாத்தியார், டாக்டரம்மா எல்லாரும் இப்போது வாசலிலேயே நிற்கிறார்கள். பாக்ஸரைக் கொண்டுபோகவில்லை. கையுறையைப் பெயர்த்தால் உடையும் என்று விட்டுவிட்டார்களா, பிரமுகர் இல்லை என்று விட்டுவிட்டார்களா, தெரியவில்லை.

வந்தது கல் மட்டும். ஆட்கள் அங்கேயே கிடக்கிறார்கள். அவர்கள் கிடந்த இடத்தில் மண் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கிவிட்டார்கள். எங்கள் சிமெண்டுக் கட்டைகளும் பாதி மண்ணுக்குள்.

இந்த வருஷம் அறிவிப்பு வந்தது. குடும்பக் குழி வைத்திருப்பவர்கள் கல்லறைத் திருநாளுக்குள் வந்து இடத்தைக் காட்டிப் பெயர்க்கல் வைத்துக்கொள்ள வேண்டும், காட்டாத குழிகள் பொதுவில் சேர்ந்துவிடும் என்று. கோயில் புத்தகத்தில் சவரிமுத்து பெயர் இருக்கிறது, இடம் எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்த இடத்தை யார் எழுதி வைப்பார்கள்?

பொதுவில் சேர்ந்தால் அந்தக் குழி எனக்குத் திறக்காது. எனக்கு மிட்டாய்க்காரர்தான்.

5

கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டாம் தேதி. எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பிற்பகல். மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். பெலிக்ஸ் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாள். அவன்தான் போனைச் சாய்த்து வைத்து, ஸ்டெல்லாவைத் திரையில் வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சத்தம்தான் முதலில் வந்தது. பூ விற்கிறவர்கள், மெழுகுவர்த்தி விற்கிறவர்கள், மைக்கில் செபமாலை. சாமந்திப்பூவின் மஞ்சள் திரை முழுக்க. ஸ்டெல்லா குழிக்கட்டைக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்து வேகமாக நடந்தாள். வானமும் அவள் செருப்பும் மாறி மாறித் தெரிந்தன.

"யக்கா, த்தோ பார், டாக்டரம்மா. கேட்டாண்ட செக்யூரிட்டி மாரி நின்னுகினு கீது."

சம்மனசைக் காட்டினாள். கழுவி விட்டிருந்தார்கள், பளிச்சென்று இருந்தது. அதே உடைந்த கை.

அப்போது ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "யம்மா, சுண்ணாம்பு, நில்லு. வர்றவங்கள எல்லாம் கேட்டுகினு கீறேன், சவரிமுத்து உங்க ஆளா?"

"ஆமா. நீ யாரு?"

"அத்த வுடு. எங்கம்மாவுக்கு சவரிமுத்துன்னு பேரு வச்சது நீதானா?"

ஸ்டெல்லா போனை அவள் பக்கம் திருப்பினாள். என் வயதில் பாதி இருக்கும், காசிமேட்டுக்காரி. பெயர் குணசீலி என்று அப்புறம் தெரிந்தது. கையில் பிரஷ்ஷோடு நின்றாள்.

"எங்கம்மா பேரு லூர்து மேரி. போன வருசம் சாயங்காலமா மாலைய எடுத்துகினு வர்றேன், ஊதா பெயிண்ட்டுல சவரிமுத்துன்னு கொட்ட எய்த்துல எய்திகீது. மீச ஒண்ணுதான் வரையல. ஒரு வருசமா தேடிகினு கீறேன், எவன் எய்தினதுன்னு."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மன்னிச்சிக்கமா. என் மாப்ள பண்ண வேல. போன வருசம் எனக்குக் காலு வீங்கிகினு இருந்துச்சி, அவன அனுப்பினேன். எண்ணூர்க்காரன், அவனுக்கு இன்னா தெரியும்? டாக்டரம்மாவுக்குப் பின்னால மூணாவதுன்னு சொன்னேன். அந்தம்மா எய்ந்து கேட்டாண்ட வந்துடுவாங்கன்னு நான் கண்டேனா?"

குணசீலி முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். "எங்கம்மா ஆம்பளைங்க பக்கத்துலயே நிக்காது. அதுக்குப் போய்..." என்றாள். "சரி, அப்போ உங்க ஆளு எங்க?"

அதுதான் கேள்வி.

இருவரும் உள்ளே போனார்கள். நானும் போனேன், திரையில். பள்ளம் இருந்த இடம் தட்டையாக இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே எங்களைப் போலவே பத்துப் பதினைந்து குடும்பங்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், எங்கே போடுவதென்று தெரியாமல்.

"டாக்டரம்மா இங்கதான் இருந்தாங்க."

"அய்ய, இங்க பேண்டு வாத்தியாரு. அவருக்கு அப்பால இல்ல டாக்டரம்மா?"

"வேப்பமரத்துல இருந்து எண்ணுங்கடி."

"மரத்த எங்க? வெட்டிட்டாங்க."

"பாக்ஸராண்ட இருந்து பாரேன், அவரு ஒருத்தருதான் நவுறாம கீறாரு."

பாக்ஸரிலிருந்து பார்த்தாலும் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். ஸ்டெல்லா காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி இரண்டு சிமெண்டுக் கட்டைகளைக் கண்டுபிடித்தாள். ஒன்றுக்கொன்று கொஞ்ச தூரத்தில். இரண்டும் ஒரே மாதிரி. இரண்டிலும் சிலுவை இல்லை.

"யக்கா, இதுவா, அதுவா?"

நான் உற்றுப் பார்த்தேன். சவரிமுத்துவை இறக்கிய அன்று நான் அங்கே நின்றிருந்தேன். யாரோ என் தோளைப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நின்றேன் என்று நினைவில்லை. "தெரியலடி" என்றேன்.

அதற்குள் தோட்டக் குழுவிலிருந்து ஒரு சார் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எழுதும் அட்டை. மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன். இன்னைக்குக் கடைசி நாள்."

"ஏதாவது ஒண்ணா? சார், இது இன்னா சேர் புடிக்கிற எடமா? வேற ஒருத்தர் குழிய எங்க குழின்னு சொல்லி, நாளைக்கு அவங்க வூட்டு எலும்ப நாங்க மூட்ட கட்டறதா?"

"அப்போ தெரியலைன்னு போட்டுடறேன்."

ஸ்டெல்லா டப்பாவைக் கீழே வைத்தாள். "சார், நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. கேட்டாண்ட அந்தம்மா கல்லு கீது. அந்தம்மா எங்க கீது? இந்த மண்ணுல எந்த எடத்துல படுத்துகினு கீதுன்னு காட்டுங்க. டாக்டரம்மா எங்கன்னு நீங்க காட்டினா, எங்காளு எங்கன்னு நாங்க காட்டறோம்."

அந்த சார் அட்டையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும், "ஆமா, காட்டுங்க சார்" என்றார்கள். குணசீலி, "நங்கூரத்தையும் சேத்து காட்டுங்க, எங்க மாமனாருக்கு அதுதான் அட்ரஸ்" என்றாள்.

"அது... வேலை பார்த்த காண்ட்ராக்டர்கிட்ட கேட்கணும்" என்றார் அவர்.

"கேளுங்க. எங்க அக்கா இங்கிலாந்துல குந்திகினு அல்லாடிகினு கீது. என்ன அவராண்டயே கொண்டாந்து வச்சிடுங்கன்னு எத்தினி வருசமா என்னாண்ட சொல்லிகினு கீது, தெரியுமா? வவுத்தெரிச்சல கொட்டிக்காதீங்க."

என் பக்கத்தில் பெலிக்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. திரையில் அந்த சார் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு, ஈஸ்டர் வரைக்கும் எந்தக் குழியையும் பொதுவில் சேர்க்கப் போவதில்லை, குழுவில் பேசுகிறேன், அதற்குள் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். ஸ்டெல்லா மாலையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கட்டைக்கும் போட்டாள். குணசீலி தீப்பெட்டி கொடுத்தாள்.

6

போனை வைத்த பிறகு பெலிக்ஸ் எழுந்து போய் தேநீர் போட்டான். எனக்கும் ஒன்று கொண்டுவந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான், நான் சொல்லவில்லை.

"நீ என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றான்.

"நீ கேக்கல, நைனா."

அவனுக்கு அப்பா முகம் நினைவில்லை. ஐந்து வயதில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, பெட்டிமேல் மண் போடச் சொன்னார்கள். அவரோடு துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டியவர்கள் எல்லாரும் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். அது மட்டும் கொஞ்சம் தெரியும் என்று முன்னொரு தரம் சொல்லியிருக்கிறான்.

"இங்க வாங்கின எடத்தை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடவா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆன்யா என்னைப் பார்க்க வர முடியாத இடத்துக்குப் போக எனக்கு ஆசை இருக்கிறது. அது நல்ல ஆசையா? இங்கே வைத்தால் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நிமிஷம் நிற்பாள். அங்கே யார் வருவார்கள்? ஸ்டெல்லா இருக்கும் வரை ஸ்டெல்லா. ஆனாலும் ஆசை இருக்கத்தான் செய்கிறது.

"இரு. முதல்ல டாக்டரம்மா கெடைக்கட்டும்" என்றேன்.

மறுநாள் அவனே ஒரு யோசனை சொன்னான். நம் பக்கத்தில் அடக்கம் முடிந்ததும் குழியைச் சுற்றி நின்று போட்டோ பிடிக்கிற வழக்கம் உண்டே, எங்கள் வீட்டில் இருந்த போட்டோ சென்னை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனாலும், வேறு யார் வீட்டுப் போட்டோவிலாவது டாக்டரம்மா கல் பின்னால் தெரியுமே என்றான். அவனுக்கு இந்த வழக்கம் நினைவிருப்பதே எனக்கு ஆச்சரியம்.

அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். பிரமுகர்களைப் பற்றிக் கேட்டீர்கள், என் கதையைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பல் துரை காய்ச்சலில்தான் செத்தாரா, பேண்டு வாத்தியார் சாவுக்கு உண்மையிலேயே ஒருவரும் ஊதவில்லையா, டாக்டரம்மா எந்தத் தேசத்துக்காரர், இதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள். நான் சொன்னது தப்பாக இருந்தால் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் பழைய அடக்கப் போட்டோ இருந்தால், தயவுசெய்து பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அழுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கை உடைந்த சம்மனசு நிற்கிறதா, அதற்கும் பாக்ஸரின் கையுறைக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று பார்த்து ஸ்டெல்லாவிடம் சொல்லுங்கள். குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டும் சொல்ல வேண்டாம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லிவிடுங்கள். இங்கே வாங்கிய இடத்தைப் பெலிக்ஸ் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.